பூஜைக்கு வராத டிஸ்க்

எங்கள் அலுவலகச் சுவரில் தீயணைக்கும் சிவப்பு சிலிண்டர்கள் இரண்டு மாட்டியிருந்தன. எத்தனை வருடமாக மாட்டியிருந்தன என்று எங்களில் யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் பார்க்கப் புதிதாக வந்த பெண், வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் ஸ்டூல் போட்டு ஏறி இரண்டையும் இறக்கினார். வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய், பின்னை உருவி, கைப்பிடியை அழுத்தினார். முதல் சிலிண்டர் சீறிக்கொண்டு வெள்ளைப் பொடியைக் கக்கியது. மேனேஜரின் புது ஸ்கூட்டர், பக்கத்து டீக்கடை பெஞ்சு, அதில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்த நான், எல்லாம் வெள்ளை. இரண்டாவது சிலிண்டரை அழுத்தினார். அது மூச்சுகூட விடவில்லை.

மேனேஜர் ஓடிவந்தார். “இன்னாம்மா பண்ணிக்கினு இருக்க?”

“ரெண்டு இருக்குதுன்னு நெனச்சிக்கினு இருந்தோம் சார். ஒண்ணுதான் இருந்துது. இப்ப அதுவும் காலி. ரெண்டையும் ரொப்பிக்கினு வரணும்” என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

நான் தலைமுடியிலிருந்து பொடியைத் தட்டிக்கொண்டே, “மேடத்துக்கு ஒரு வணக்கம்” என்றேன். நக்கலாகச் சொன்னதுதான். என் வாய் அப்படிப்பட்டது. அன்று முதல் எல்லோருக்கும் அவர் மேடம் ஆகிவிட்டார். எனக்குப் பத்து வயது சின்னவர். நக்கல் எந்த மாதம் உதிர்ந்து மரியாதை மட்டும் மிஞ்சியது என்று கேட்டால் எனக்கே தெரியாது. இன்றும் பேர் சொல்ல வாய் வரவில்லை. இங்கேயும் மேடம் என்றே இருக்கட்டும்.

கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் போகிற ரோட்டில் இருந்தது அலுவலகம். கல்வராயன் மலையில் தலைமுறை தலைமுறையாகச் சாமையும் மரவள்ளியும் போட்டு வருகிறவர்களின் நிலத்தை அளந்து, வரைபடம் போட்டு, வன உரிமைப் பட்டா கேட்டு மனுக் கொடுக்க உதவுவது எங்கள் வேலை. நான் சர்வேயர். மலையேறி அளப்பேன். அவர் கம்ப்யூட்டர் பார்ப்பவர். நான் கொண்டுவரும் அளவுகளை ஏற்றி வரைபடமாக்குவதும், அந்த ஒரே கம்ப்யூட்டரை உயிரோடு வைத்திருப்பதும் அவர் பொறுப்பு.

ஒரு பொருள் இருக்கிறது என்று சொன்னால் அவருக்குப் போதாது. அது வேலை செய்வதைக் கண்ணால் பார்க்க வேண்டும். டார்ச் இருக்கிறது என்றால் அடித்துப் பார்ப்பார். மாற்றுச் சாவி இருக்கிறது என்றால் எடுத்து, பூட்டி, திறந்து பார்ப்பார். அவசரத்துக்கு என்று சுவரில் எழுதியிருந்த போன் நம்பர்களை ஒரு மத்தியானம் வரிசையாக அடித்து, “ஒண்ணும் இல்லீங்க, எடுக்குறீங்களான்னு பாத்தன்” என்று சொல்லி வைத்தார். எலக்ட்ரீஷியன் நம்பரை எடுத்தது சங்கராபுரத்தில் பூக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மா.

முதல்முறை எங்களோடு மலைக்கு வந்தபோது, ஏற்றம் தொடங்குவதற்கு முன்னாலேயே ஜீப்பை நிறுத்தச் சொன்னார். டிரைவரை இறக்கி, பின்னால் தொங்கிய மாற்றுச் சக்கரத்தைக் கழற்றி மாட்டிக் காட்டச் சொன்னார். நல்ல வெயில். டிரைவர் என்னைப் பார்க்க, நான் வானத்தைப் பார்த்தேன். சக்கரம் நன்றாகத்தான் இருந்தது. ஜாக்கியும் நன்றாகத்தான் இருந்தது. “செரி, இப்ப போலாம்” என்று ஏறி உட்கார்ந்துகொண்டார். அன்று மேலே போகவும் வரவும் பஞ்சர் கிஞ்சர் எதுவும் ஆகவில்லை. ஒரு மணி நேரம் வீண் என்று வழியெல்லாம் நான் முணுமுணுத்தேன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தார்.

கம்ப்யூட்டர் விஷயத்தில் இந்தக் குணம் இன்னும் முற்றியிருந்தது. எங்கள் வரைபட மென்பொருளை முன்பொரு காலத்தில் யாரோ ஒரு பொறியியல் மாணவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஆள் எந்த தேசத்தில் இருக்கிறாரோ தெரியாது. அதை மறுபடி நிறுவ சிடியும் கிடையாது. அந்தப் பழைய கம்ப்யூட்டரில், அந்தப் பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அதனால் கோப்புகளை மட்டும் பென் டிரைவில் போட்டு வைத்தால் காரியத்துக்கு ஆகாது. கம்ப்யூட்டருக்குள் இருக்கிற அத்தனையையும், விண்டோஸ், மென்பொருள், செட்டிங், வரைபடங்கள் எல்லாவற்றையும், ஒரே அச்சாகப் படி எடுத்து வைக்க வேண்டும். மெஷின் செத்தால், ஒன்றுமே இல்லாத வேறொரு வெறும் மெஷினில் அந்த அச்சை இறக்கினால் அது பழையபடி எழுந்து நிற்க வேண்டும். சனிக்கிழமைதோறும் முழு அச்சு, தினமும் சாயங்காலம் அன்றைய மாற்றங்கள் மட்டும். இரண்டும் ஒரு வெளி டிஸ்க்கில் ஏறும்.

இது வரை யார் வேண்டுமானாலும் செய்வார்கள். மேடம் அதோடு விடவில்லை. அமாவாசைதோறும் மூலையில் கிடந்த ஒரு பழைய மெஷினை இழுத்துப் போட்டு, அதன் டிஸ்க்கைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, அதில் அச்சை இறக்கி, எழுகிறதா என்று பார்ப்பார். ஏன் அமாவாசை என்றால், நாங்கள் அளந்த ஊர்களில் அன்றைக்கு நிலத்தில் கயிறு பிடிக்க ஆள் வராது. நான் அலுவலகத்தில் சும்மா இருப்பேன். மெஷினும் சும்மா இருக்கும்.

நான் சும்மா இருந்தால் என் வாய் சும்மா இருக்காது. “அமாவாசை ஆச்சி, மேடம் கம்ப்யூட்டருக்குத் திதி குடுக்குறாங்க” என்பேன். “எள்ளு கொண்டாரட்டுமா? திருக்கோவிலூர் பெண்ணையாத்துல முழுகிட்டு வந்தீங்களா?” என்பேன். டீக்கடைக்காரர் வரை இந்தப் பேச்சு பரவியது.

ஒருநாள் திரும்பி என்னைப் பார்த்தார். “அண்ணா, எங்கூரு களமருதூரு. நெல்லு வெளையிற ஊரு. எங்கப்பா அடுத்தவங்க கழனியில கூலிக்கு வெதச்சவரு. மூட்டை நெறைய வெத நெல்லு இருக்குதுன்னு நெலத்துக்காரரு சொன்னாக்கூட, எங்கப்பா ஒரு பிடி எடுத்து ஈரத் துணியில கட்டி வெப்பாரு. மூணாம் நாளு தொறந்து பாப்பாரு. மொளச்சாத்தான் சேத்துல எறங்குவாரு. மொளைக்காத நெல்லு மூட்டையில எவ்ளோ இருந்தா இன்னா? பொங்கித் திங்கலாம். வெதைக்க முடியாது.”

எனக்குப் பதில் வராமல் போனது அலுவலகத்தில் ஒரு செய்தியாகப் பேசப்பட்டது.

ஒரு அமாவாசையில் அச்சு இறங்கவில்லை. பாதியில் நின்று, பிழை என்று காட்டியது. மறுபடி, மறுபடி, மூன்று தடவை. வெளி டிஸ்க்கே உள்ளுக்குள் கெட்டுப்போயிருந்தது. வெளியே பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. சனிக்கிழமைதோறும் ‘வெற்றிகரமாக முடிந்தது’ என்று எழுதிக் காட்டிக்கொண்டுதான் இருந்தது. மேடம் இடிந்து உட்கார்ந்திருப்பார் என்று பார்த்தால், அந்த அம்மாள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எழுந்து போய் எனக்கும் சேர்த்து டீ சொன்னார். “நல்லவேளை, இன்னிக்குத் தெரிஞ்சுதே” என்று நாலைந்து தடவை சொன்னார். தோற்றதற்கு டீ வாங்கிக் கொடுத்த ஒரே ஆளை நான் அங்கேதான் பார்த்தேன். அதற்கப்புறம் டிஸ்க் இரண்டானது. ஒன்று அலுவலகத்தில், இன்னொன்று களமருதூரில் அவர் வீட்டு பீரோவில், கல்யாணப் புடவைக்கு அடியில். தினமும் சாயங்காலம் அன்றைய மாற்றங்களைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டுதான் பஸ் ஏறுவார்.

அதோடு அந்த மூலை மெஷின் மட்டும் போதாது என்றும் முடிவு செய்தார். “நாளைக்கு எந்த மெஷின் கெடைக்கும்னு யாரு கண்டது? தெரியாத மெஷின்லயும் எழும்புதான்னு பாக்கணும்.” தையல் இன்ஸ்டிட்யூட்டிலும் போட்டோ ஸ்டுடியோவிலும் அவர்கள் கழித்துக் கட்டிய மெஷின்களைக் கேட்டு வாங்கி, என் வண்டியின் முன்னால் வைத்துக் கொண்டுவரச் சொல்வார். திட்டிக்கொண்டே கொண்டுவருவேன். ஒவ்வொரு மெஷினிலும் ஒவ்வொரு தகராறு வரும். எதனால் வந்தது, எப்படித் தீர்ந்தது என்று ஒரு நீள நோட்டில் எழுதி வைப்பார். என்ன எழுதுகிறார் என்று ஒருநாளும் நான் எட்டிப் பார்த்ததில்லை.

இப்போது ஆயுத பூஜைக்கு வருகிறேன். வந்துதான் ஆக வேண்டும். அந்தக் கதையில் குற்றவாளி நான்தான்.

நாலு மலையூர்களின் மனுக்கள் இரண்டு முறை திரும்பி வந்திருந்தன. கையால் போட்ட படம் செல்லாது, ஒழுங்கான வரைபடம் வேண்டும் என்று. இரண்டு வருடம் நடந்து நடந்து அளந்து முடித்தோம். வெள்ளிமலையில் அதிகாரிகள் குழு உட்காரப் போகிறது, வரைபடம் உள்ள மனுக்களை அன்றைக்கே பார்த்து முடிப்பார்கள் என்று தகவல் வந்தது. விஜயதசமிக்கு மறுநாள் காலை பத்து மணி. அன்று வரைபடம் வைக்காதவர்களுக்கு அடுத்த தேதி என்று ஒன்றை யாரும் சொல்லவில்லை. படங்கள் எல்லாம் தயார். அச்சடிக்க வேண்டியதுதான் பாக்கி.

மேடம் முந்தின வாரமே, “அண்ணா, அடிச்சி வெச்சிடலாம்” என்றார். நான்தான் தடுத்தேன். “ரெண்டு தபா திரும்பி வந்த மனு மேடம். இந்தத் தபா நல்ல நாள்ல தொடங்கலாம். விஜயதசமி அன்னிக்குத் தொட்டா வெளங்கும்.” மேனேஜரும் தலையாட்டினார். மூவரில் இருவர் சொன்னால் அது தீர்மானம்.

ஆயுத பூஜை அன்று நான் முழு அதிகாரத்தோடு வேட்டியை மடித்துக் கட்டினேன். அளவுச் சங்கிலி, ஜிபிஎஸ் கருவிகள், வண்டிச் சாவிகள், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். ஒரே மேசையில் கம்ப்யூட்டரையும் வைத்து, பக்கத்திலேயே மூலையில் கிடந்த பழைய மெஷினையும் தூக்கி வைத்தேன். மாசாமாசம் செத்துப் பிழைக்கிறது, அதற்கும் ஒரு பூ வைக்க வேண்டாமா? அலுவலகத்து டிஸ்க்கையும் மேலே வைத்துக் கதம்பம் சுற்றினேன்.

“அந்த இன்னொரு டிஸ்க்கையும் கொண்டாந்திருக்கலாமே மேடம். அது இன்னா பாவம் பண்ணிச்சி?”

“வேணாம்ணா. ரெண்டையும் ஒரே எடத்துல வெக்க மாட்டன்.”

“சாமி முன்னாடி தான?”

“சாமி முன்னாடிதான். ஆனா ஒரே எடம்.”

எனக்குச் சுருக்கென்றது. என்ன பெண் இவள், சாமியைக்கூட நம்ப மாட்டாள் என்று மனசுக்குள் வைதேன்.

மேனேஜரும் மேடமும் வாசலில் பூசணிக்காய் உடைக்கப் போனார்கள். நான் இரண்டு மெஷின்களையும் போட்டு, ஒரு திரையில் சரஸ்வதி, ஒரு திரையில் லட்சுமி என்று படம் வைத்தேன். டிஸ்க்கையும் செருகி வைத்தேன், அதன் பச்சை விளக்கும் எரியட்டும் என்று. பிறகு ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரில் மாவிலைக் கொத்தை முக்கி எல்லாவற்றுக்கும் தெளித்தேன். கஞ்சத்தனம் இல்லாமல் தெளித்தேன். மெஷின்களின் தலையில் காற்றுப் போக ஓட்டை ஓட்டையாக இருக்குமே, அது வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. சாம்பிராணிப் புகையில் கருகல் வாசனை எனக்குத் தெரியவில்லை. லட்சுமி போனாள். நான் கண்ணை மூடிக் கும்பிட்டுத் திறப்பதற்குள் சரஸ்வதியும் போனாள்.

மேடம் உள்ளே வந்ததும் முதலில் பிளக்கைப் பிடுங்கினார். பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தார். பலகையெல்லாம் மஞ்சள். முகர்ந்து பார்த்தார்.

“யாரு தெளிச்சது?”

“நான்தான்.”

“எவ்ளோ?”

“ஒரு சொம்பு.”

இரண்டு மெஷின்களும் அவுட். உள்ளே இருந்த ஹார்டு டிஸ்க்குகளும் அவுட். கதம்பம் சுற்றிய வெளி டிஸ்க்கும் அவுட். பிரின்டர் மட்டும், அதன் மேல் பொரி மூட்டை இருந்ததால், என் கையிலிருந்து தப்பித்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அது. இரண்டு வருட நடை. நாலு ஊர். என்னை நம்பி, வெறுங்காலோடு முன்னால் நடந்து எல்லை காட்டிய அத்தனை பேர். பொன்னாயி அக்கா ஒருத்தி போதும் நினைத்து நடுங்க. புருஷன் இல்லை, பிள்ளைகள் திருப்பூரில். ஓடைக்கரையில் இருக்கும் அந்தச் சாமைக் கொல்லைதான் அவள் சோறு. அதை அளந்த மூன்று நாளும் எனக்குக் களி கிண்டிப் போட்டவள்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வாய்விட்டு அழுதேன் என்றால் அதில் வெட்கம் என்ன இருக்கிறது.

“எழுந்திருங்கண்ணா” என்றார் மேடம். “போனது மெஷினு. மெஷின் கடையில கெடைக்கும். உள்ள இருந்தது எங்க வூட்ல இருக்குது.”

“அது எழும்புமா?”

“மகாளய அமாவாசைக்கு எழும்புச்சி. ஒம்போது நாளுதான் ஆவுது.” அவ்வளவு நிச்சயமாக அவர் எதைப் பற்றியும் சொல்லி நான் கேட்டதில்லை.

மெஷினுக்கு எங்கே போவது? மேனேஜரின் லேப்டாப்பைத் துடைத்துவிட்டு அதில் ஏற்றலாம் என்று நான் சொன்னதும் மேனேஜர் அதை மார்போடு அணைத்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்டு பக்கம் எங்களுக்குத் தெரிந்த ஒரு கம்ப்யூட்டர் கடை. அங்கேயும் பூஜை. புது மெஷின்கள் பெட்டியோடு அடுக்கி, மாலை போட்டு, முன்னால் வாழை இலை. கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “எல்லாம் செரிம்மா. ஆனா பூஜையில வெச்சத இன்னிக்கி எடுக்கக் கூடாது. நாளைக்கிக் காலையில மறுபூஜை பண்ணிட்டு எடுத்துத் தரன். மொத வேல உங்குளுது.”

நான் எகிறினேன். மேடம் என்னைக் கையமர்த்தினார். “வரட்டும்ணா, காலையிலயே கெடைக்கட்டும். எங்கூட்டுக்குப் போயி டிஸ்க்க எடுத்துக்கினு வரணுமில்ல?” அவர் சாயங்கால பஸ் ஏறிப் போனார். நான் வீட்டுக்குப் போய்ச் சுண்டலைக்கூடத் தொடவில்லை.

விஜயதசமி காலையில் டிஸ்க் ஒரு பழைய துண்டில் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது. மெஷினும் வந்தது. பெட்டியைப் பிரித்தோம். உள்ளே எதுவுமே ஏற்றாத வெறும் மெஷின். போட்டால் கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு கண் சிமிட்டும், அவ்வளவுதான். மேடம் பென் டிரைவ் ஒன்றைச் செருகி, அதன் வழியாக மெஷினை எழுப்பி, டிஸ்க்கில் இருந்த சனிக்கிழமை அச்சைக் காட்டிக் கொடுத்தார். நீலக் கோடு ஒன்று ஊர ஆரம்பித்தது. நான் பின்னால் நின்றேன்.

மத்தியானம் ஆவதற்குள் கோடு முடிந்தது. பென் டிரைவை உருவிவிட்டு மெஷினைப் போட்டார். எழுப்ப ஒன்றும் இல்லை என்று எழுதிக் காட்டியது.

மேடம் நீள நோட்டை எடுத்தார். பக்கம் புரட்டினார். “தை அமாவாசை. போட்டோ ஸ்டுடியோ மெஷினு” என்று படித்தார். புது மெஷின்கள் எழுந்திருக்கும் முறை வேறாம். பழைய முறையிலும் எழலாம் என்று அதற்கு அனுமதி கொடுக்க வேண்டுமாம். செட்டிங்கில் போய் மாற்றினார். மறுபடி போட்டார். விண்டோஸ் அடையாளம் தலையைக் காட்டியது. நான் கைதட்டப் போனேன். அதற்குள் திரை முழுக்க நீலமாகி, ஏதோ இங்கிலீஷில் எழுதி, அணைந்தது.

“ஆடி அமாவாசை. தையல் இன்ஸ்டிட்யூட்” என்றார் மேடம், அடுத்த பக்கத்தைப் பார்த்து. “இதுவும் வந்ததுதான். டிஸ்க்கோட பேசுற மொற வேற. விண்டோஸுக்குப் பழகின மொறைக்கு மாத்தணும்.” இன்னொரு இடத்தில் ஒரு வரியை மாற்றினார்.

அந்தத் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தபோது நான் அவரை என்னென்ன சொல்லித் திட்டினேன் என்று எனக்கு ஞாபகம் வந்தது. நல்லவேளை, மனசுக்குள்தான் திட்டியிருந்தேன்.

மூன்றாவது தடவை மெஷின் எழுந்தது. திரையில் மேகம் அருவிக்கு முன்னால் தொப்பி போட்டுக்கொண்டு நான் நிற்கும் படம். நான் வைத்ததுதான். அதற்குப் பக்கத்தில் ‘மலை கடைசி’ என்று ஒரு கோப்புறை, ‘மலை நிஜமாகவே கடைசி’ என்று இன்னொன்று. என் கைவேலைகள், என் சோம்பேறித்தனங்கள், எல்லாம் விட்ட இடத்தில் அப்படியே. கீபோர்டும் மவுசும் மட்டும் வேலை செய்யவில்லை. அவற்றைச் செருகும் புதுத் துளைகள் பழைய விண்டோஸுக்குத் தெரியவில்லையாம். மேடம் செத்த மெஷினிலிருந்து உருண்டைப் பின் வைத்த கீபோர்டைப் பிடுங்கி மாட்டினார். அதன் மேல் நான் வைத்த சந்தனப் பொட்டு காய்ந்திருந்தது. அதை வைத்தே, புது மெஷினோடு வந்த சிடியிலிருந்து வேண்டியதை ஏற்றினார். அப்புறம் எல்லாம் உயிர் பெற்றது. வரைபட மென்பொருள் திறந்தது. பென் டிரைவிலிருந்து சனிக்கிழமைக்குப் பிறகான மாற்றங்களையும் சேர்த்தார்.

“பிரின்டரப் போடட்டா?” என்றேன்.

“இன்னும் இல்லண்ணா. எழுந்துச்சி. செரியா எழுந்துச்சான்னு பாக்கல. உங்க சர்வே நோட்ட எடுத்துக்கினு வாங்க. ஒவ்வொண்ணா படிங்க.”

மணி மூன்று. அத்தனை படங்களையும் நான் படிக்க, அவர் திரையில் ஒத்துப் பார்த்தார். எல்லாம் பொருந்திக்கொண்டே வந்தது. எனக்குச் சலித்தது. இதற்கு மேலும் என்ன சோதனை என்று நினைத்தபோது, பொன்னாயி அக்காவின் படம் வந்தது. வடக்கு எல்லை என்று நான் படித்த அளவு ஒன்று. திரையில் இருந்தது வேறொன்று.

பூஜை அன்று காலையில், வேட்டியை மடித்துக் கட்டுவதற்கு முன்னால், அந்த ஒரு எல்லையை நான்தான் கம்ப்யூட்டரில் திருத்தியிருந்தேன். ஓடை வரைக்கும் போக வேண்டிய கோடு பாறையோடு நின்றிருந்தது, அதை நீட்டினேன். பென் டிரைவ் படி எடுத்தது அதற்கு முந்தின நாள் சாயங்காலம். நடுவில் நடந்த அந்த ஒரே ஒரு திருத்தம் மெஷினோடு செத்துப்போயிருந்தது. அப்படியே அச்சடித்துக் கொண்டுபோயிருந்தால், அவளுடைய நிலத்தில் நல்ல மண் உள்ள பாதி வரைபடத்துக்கு வெளியே நின்றிருக்கும்.

மேடம் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “சொல்லுங்கண்ணா, போட்டுடலாம்” என்றார். நான் சொன்னேன், அவர் போட்டார், மறுபடி என்னைப் படிக்கச் சொன்னார். பிறகுதான் பிரின்டரின் மேலிருந்த பொரி மூட்டை இறங்கியது. வெளிச்சம் இருக்கும்போதே எல்லாம் அடித்து முடிந்தது.

மறுநாள் ஜீப்பில் மேடம் வரவில்லை. புது மெஷினை இன்னும் படி எடுக்கவில்லை, அதை விட்டுவிட்டு எப்படி வருவது என்றார். வரைபடக் கட்டை என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனார். இப்போது அவர் கடலூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறார். அங்கே எத்தனை பேர் அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறார்களோ. திட்டட்டும். அந்த ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவர்கள் நிம்மதியாகப் படுத்திருக்கலாம் என்று நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன்.

அன்று வெள்ளிமலையில் பந்தல் போட்டு, மேசை போட்டு, அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். பொன்னாயி அக்காவின் முறை வந்தது. பெரிய அதிகாரி படத்தை விரித்து வைத்துக்கொண்டு, அதை அவளுக்குக் காட்டாமலே கேட்டார்.

“உன் கொல்லைக்கு வடக்கால இன்னாம்மா இருக்குது?”

“ஓடைங்க.”

“பாறை இல்லியா?”

“பாறை நடுவுல இருக்குதுங்க. அதத் தாண்டி ஓடை வரைக்கும் எங்குளுது. எங்கப்பாரு காலத்துலருந்து அங்கதான் சாமை வெளையிது.”

அதிகாரி விரலை வைத்துப் படத்தில் மேலே கொண்டுபோனார். விரல் ஓடையில் போய் நின்றது. தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்தி, ஒரு படியை அவளிடம் நீட்டினார்.

அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பிறகு என்னிடம் வந்தாள். “தம்பி, எங்கப்பாருகிட்டயும் ஒரு காயிதம் இருந்துச்சி. தீர்வை கட்டுன ரசீது. கூரையில சொருகி வெச்சாரு. கரையான் தின்னுடுச்சி. அது போனதுலருந்துதான் நாங்க இந்த நாய் படாத பாடு படறோம். இதயும் தின்னுட்டா இன்னா பண்றது?”

“தின்னா தின்னுட்டுப் போவட்டும்க்கா” என்றேன். “நேரா கள்ளக்குறிச்சிக்கு வா. இதே படம், இதே ஓடை, ஒரு கோடு கொறையாம உங்கையில குடுக்கறன். அங்க எங்க மேடம் இருக்காங்க.”

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பெரிய அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று நின்றேன்.